தராசில் தொடு பொத்தான்: பேட்டரி மிச்சமா, வேறு லாபமா?

ஆரணி பஜாரில் இப்போது தராசு விற்க வருகிற பையன்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். "சார், இது டச் கீ மாடல். பொத்தானை அழுத்தவே வேண்டாம், விரலை வைத்தால் போதும். லோ பவர் சார், பேட்டரி நின்று பேசும்" என்கிறார்கள். முகப்பு கண்ணாடி போல வழவழவென்று இருக்கிறது. பொத்தான் என்று ஒன்று புடைத்துக்கொண்டு இல்லை. எழுத்து மட்டும் உள்ளிருந்து ஒளிர்கிறது. விலையில் சில நூறு ரூபாய் கூடுதல் சொல்கிறார்கள்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மளிகைக் கடையில் தராசு என்பது காட்சிப் பொருள் அல்ல. நாள் முழுவதும் நம் லாபமும் நாணயமும் அதன் தட்டில்தான் ஏறி இறங்குகின்றன. ஆகவே இந்தத் தொடு பொத்தான் எப்படி வேலை செய்கிறது, மின்சாரத்தை உண்மையிலேயே மிச்சப்படுத்துகிறதா, எந்தக் கடைக்கு ஒத்துவரும், எந்தக் கடைக்கு ஒத்துவராது என்பதை நம் உறுப்பினர்கள் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. விசாரித்ததையும், தராசு ரிப்பேர் செய்கிறவர்களோடு உட்கார்ந்து பேசித் தெரிந்துகொண்டதையும் கீழே எழுதுகிறேன்.

முதலில் பழைய பொத்தானைப் பார்ப்போம். நம் எலக்ட்ரானிக் தராசுகளில் பெரும்பாலும் இருப்பது, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளும் அதற்குக் கீழே சின்ன சுவிட்சும்தான். அழுத்தினால் இரண்டு தகடுகள் ஒட்டும், விட்டால் பிரியும். வீட்டு லைட் சுவிட்சும் இதே சங்கதிதான். இதற்கு வரும் நோய் எது என்று கடைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். டேர் பொத்தான் இருக்கும் இடத்தில் மட்டும் தாள் வெடித்திருக்கும். அந்த வெடிப்பு வழியாக மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் உள்ளே போகும். பிறகு நாலு தடவை குத்தினால்தான் ஒரு தடவை வேலை செய்யும். மேலே செல்லோ டேப் ஒட்டி இன்னொரு வருஷம் ஓட்டுவோம்.

தொடு பொத்தானில் வெடிக்க ஒன்றும் இல்லை, தேயவும் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கோ பிளாஸ்டிக்குக்கோ பின்னால் விரல் நுனி அளவுக்கு ஒரு செப்புத் தகடு, அவ்வளவுதான். அதையும் தனியாக வாங்கிப் பொருத்துவதில்லை. உள்ளே இருக்கும் சர்க்யூட் அட்டையிலேயே செப்பைக் கொஞ்சம் அகலமாக விட்டிருப்பார்கள். தயாரிப்பாளருக்குச் சுவிட்ச் செலவு மிச்சம். கூடுதலாகக் கேட்கிற சில நூறு ரூபாய் எதற்கு என்று பேரம் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் கண்டன்சரும் நம் விரலும்

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் வந்து "கண்டன்சர் போச்சு முதலாளி" என்று மாற்றிவிட்டுப் போவார். அதில் 2.5 மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்டிருக்கும். கண்டன்சர் என்பது மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும் பாத்திரம். இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் மின்சாரம் பாயாத ஒரு பொருள், இதுதான் அதன் அமைப்பு.

மனித உடம்பில் தண்ணீரும் உப்பும் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் செப்புத் தகடு, முன்னால் நம் விரல், நடுவே கண்ணாடி என்றால் அதுவும் ஒரு கண்டன்சர்தான். ஆனால் அளவு ரொம்பச் சின்னது. விரல் கூட்டுவது ஒரு பிக்கோ ஃபாரட், சில சமயம் அதிலும் பாதி. ஃபேன் கண்டன்சரோடு ஒப்பிட்டால் 25 லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கமான வித்தியாசத்தைச் சில ரூபாய் விலையுள்ள சிப் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அளக்கிற விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. இதில் பல முறைகள் உண்டு. நமக்குச் சுலபமாகப் புரியும் ஒன்றைச் சொல்கிறேன். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்பது நம் பெரியவர்கள் கணக்கு. அதாவது 64 ஆழாக்கு போட்டால் மரக்கால் நிறையும். ஒருவர் 61 ஆழாக்கிலேயே மரக்காலை நிறைத்துவிட்டால் என்ன அர்த்தம்? அவர் கையில் இருக்கும் ஆழாக்கு கொஞ்சம் பெரிது. ஆழாக்கைக் கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை, எண்ணிக்கை காட்டிக் கொடுத்துவிடும்.

சிப்பும் இதைத்தான் செய்கிறது. செப்புத் தகடு அதற்கு ஆழாக்கு. அதை மின்சாரத்தால் நிரப்பி, பெரிய கண்டன்சர் ஒன்றில் கவிழ்க்கும். மறுபடி நிரப்பும், மறுபடி கவிழ்க்கும். பெரியது நிறைய எத்தனை தடவை ஆயிற்று என்று எண்ணிக்கொள்ளும். விரல் பட்டால் தகடு சற்றே பெரிய ஆழாக்காகிவிடும், எண்ணிக்கை குறையும். "ஓ, விரல் வந்துவிட்டது" என்று சிப் தெரிந்துகொள்ளும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள் முடிந்துவிடும். ஆக, தொடு பொத்தான் என்பது சுவிட்சே அல்ல. அது விரலை நிறுக்கிற ஒரு சின்னத் தராசு. தராசுக்குள்ளே இன்னொரு தராசு உட்கார்ந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். தராசு என்றால் டேர் வேண்டும் அல்லவா? காலி டப்பாவின் எடையைக் கழித்தால்தானே சரக்கின் எடை தெரியும்? விரல் இல்லாதபோது என்ன எண்ணிக்கை வருகிறது என்பதை இந்தச் சிப் காலி டப்பாவாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் காலி எண்ணிக்கை நிலையாக நிற்காது. மார்கழிப் பனியில் ஒன்று வரும், சித்திரை வெயிலில் வேறொன்று வரும்.

நம் ஊர்ப் பட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டு நூல் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. உலர்ந்த எடை 100 என்றால் 11 பங்கு ஈரம் சேர்த்து 111 என்பதுதான் உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட வணிகக் கணக்கு. மழைக்காலத்தில் கட்டு கனத்தால் அதைச் சரக்கு கூடிவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. சிப்பும் அப்படித்தான் கணக்கு வைக்கிறது. மெல்ல மெல்ல நடக்கிற மாற்றம் ஈரம், வெயில், வயது. அதைக் காலிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். திடீரென்று நடக்கிற மாற்றம் விரல். அதற்கு மட்டும் வேலை செய்யும்.

இதில் ஒரு வினோதமும் உண்டு. ஈரச் சாக்கு ஒன்று பொத்தான் மேல் சாய்ந்தபடியே கிடந்தால், பல சிப்புகள் சில நொடிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் காலி டப்பாவின் ஒரு பாகம்தான் போலிருக்கிறது" என்று கணக்கில் ஏற்றிவிடும். அப்புறம் சாக்கை எடுத்தால் பொத்தான் கொஞ்ச நேரம் மந்தமாக இருக்கும். ரிப்பேருக்கு வருகிற தொடு பொத்தான் தராசுகளில் பல, உண்மையில் ரிப்பேரே அல்ல என்கிறார் நமக்குத் தெரிந்த மெக்கானிக். "ஒரு தடவை அணைச்சுப் போடுங்கண்ணே, சரியாயிடும்" என்பதுதான் அவர் தருகிற முதல் வைத்தியம்.

தூங்குகிற காவல்காரர்

இப்போது பேட்டரி கதைக்கு வருவோம். 2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்றிலிருந்து தராசு வாங்கும்போது நாம் கேட்கிற முதல் கேள்வியே "பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்?" என்பதுதான். விற்பனைப் பையன்களும் அதனால்தான் அந்த இடத்தில் கை வைக்கிறார்கள்.

சுவிட்ச் பொத்தானுக்குச் சும்மா இருக்கும்போது மின்சாரமே வேண்டாம். தொடு பொத்தான் அப்படி அல்ல. விரல் வந்ததா என்று அது நிறுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓய்வில்லாமல் நிறுத்தால் பேட்டரி காலியாகிவிடும். ஆகவே சிப் செய்பவர்கள் ஒரு வழி கண்டார்கள். சிப்பைத் தூங்க வைத்து, நொடிக்குப் பத்துத் தடவை போல எழுப்பி, சட்டென்று ஒரு முறை நிறுத்துவிட்டு, மறுபடி தூங்க வைப்பது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் தூக்கம்தான். நம் கூர்க்கா நாற்காலியில் கண்ணயர்ந்து அவ்வப்போது கண்ணைத் திறந்து பார்ப்பாரே, அதே மாதிரி. தூங்கும் நேரத்தில் எல்லாப் பொத்தான்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பொத்தானாகப் பார்க்கிற முறையும் உண்டு. எந்தப் பொத்தான் என்பது எழுந்த பிறகுதானே வேண்டும்?

பிறகு வந்த சிப்புகள் இன்னும் ஒரு படி மேலே போயின. நிறுக்கிற வேலைக்குச் சிப்புக்குள்ளேயே தனியாக ஒரு சிறு பகுதியை வைத்துவிட்டார்கள். கடைப் பையன் வாசலைப் பார்த்துக்கொள்வான். வாடிக்கையாளர் வந்தால் மட்டும் உள்ளே தூங்கும் முதலாளியை எழுப்புவான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் எம்.எஸ்.பி.430 குடும்பத்தில் இப்படிப்பட்ட சிப்புகள் உண்டு. 1985-லேயே பெங்களூரில் கடை விரித்த அமெரிக்க நிறுவனம் அது.

கணக்கைப் பாருங்கள். நல்ல ரகச் சிப்பில் நான்கு பொத்தான்களைக் காவல் காக்க 5 மைக்ரோ ஆம்பியர் போலப் போதும். ஒரு ரூபாய் நாணயம் போன்ற வட்டப் பேட்டரி, 2032 என்று நம்பர் போட்டது, சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும். வகுத்தால் 44,000 மணி நேரம், ஐந்து வருஷம். அதே சிப் தூங்காமல் 2 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் 110 மணி நேரத்தில், அதாவது ஐந்தாம் நாள், பேட்டரி தீர்ந்துவிடும். தூக்கத்துக்கு இவ்வளவு மதிப்பு! டிஜிட்டல் பூட்டு, சின்ன ரிமோட், உள்ளங்கையில் அடங்கும் கருவிகள் இவற்றுக்கெல்லாம் இது பெரிய வரப்பிரசாதம்.

ஆனால் நம் கடை மேஜைத் தராசுக்கு? தட்டுக்குக் கீழே எடையைத் தாங்குகிற லோடு செல் இருக்கிறதே, அது மட்டுமே 350 ஓம் உள்ளது. 5 வோல்ட் கொடுத்தால் 14 மில்லி ஆம்பியர் இழுக்கும். பொத்தான் காவலுக்கு ஆகும் 5 மைக்ரோ ஆம்பியரைப் போல இது ஏறக்குறைய 3,000 மடங்கு. அதற்கு மேல் சிவப்பு எழுத்து விளக்கு. எல்லாம் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 6 வோல்ட் 4 ஆம்பியர் மணி பேட்டரி 40 மணி நேரம் நிற்கும். இதில் பொத்தான் தொடு பொத்தானா, குத்து பொத்தானா என்பதால் ஐந்து நிமிஷம்கூட வித்தியாசம் வராது. வந்தாலும் குத்து பொத்தானுக்குத்தான் சாதகம், அது சும்மா இருக்கும்போது ஒன்றும் சாப்பிடுவதில்லை அல்லவா!

எனவே "டச் கீ, அதனால் பேட்டரி மிச்சம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேட்டரி மிச்சமாக வேண்டுமானால் சிவப்பு எழுத்துக்குப் பதில் சாம்பல் நிற எல்.சி.டி. எழுத்துள்ளதைக் கேளுங்கள், பின்விளக்கு தானாக அணைகிறதா என்று பாருங்கள். மிச்சம் அங்கேதான் இருக்கிறது. தொடு பொத்தானின் நிஜமான லாபம் தேய்மானம் இல்லாததும், துடைத்தால் சுத்தமாகிவிடுவதும்தான்.

இந்த யோசனை புதியதும் அல்ல. 1920 வாக்கில் ரஷ்யாவைச் சேர்ந்த தெரமின் என்பவர், கையை அருகே கொண்டுபோனாலே சுருதி மாறும் ஒரு வாத்தியத்தை இதே தத்துவத்தில் செய்தார். 1965-ல் இங்கிலாந்தில் ஜான்சன் என்ற பொறியாளர், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக விரல் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி எழுதினார். 2007-ல் ஐபோன் வந்த பிறகுதான் உலகம் முழுவதும் விரலால் தடவ ஆரம்பித்தது. பொத்தான் பக்கத்தில் பேர் பெற்றிருந்த குவாண்டம் ரிசர்ச் குரூப் என்ற இங்கிலாந்துக் கம்பெனியை 2008-ல் அட்மெல் வாங்கியது. அட்மெலை 2016-ல் மைக்ரோசிப் வாங்கியது. அந்த மைக்ரோசிப்புக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. சின்னக் கடையைப் பெரிய கடை வாங்குவதும், அதை இன்னும் பெரிய கடை வாங்குவதும் மளிகையில் மட்டும் நடப்பதில்லை.

தண்ணீர், எண்ணெய், உப்பு

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு உள்ளவர்கள் பார்த்திருப்பார்கள். பால் பொங்கி வழிந்து பொத்தான் பக்கம் ஓடினால் அடுப்பு கீச்கீச்சென்று கத்தும், சில சமயம் தானாக அணைந்துவிடும். அடுப்பு கெட்டுப் போகவில்லை. பாலில் உள்ள தண்ணீரை அது விரல் என்று எண்ணிவிட்டது.

மின்சாரத்தைப் பிடித்து வைப்பதில் காற்றுக்கு மதிப்பு 1 என்றால் எண்ணெய்க்குச் சுமார் 3, கண்ணாடிக்கு 6 அல்லது 7, தண்ணீருக்கோ 80. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்துவதும் இல்லை. ஆகவே எண்ணெய்க் கையால் தொட்டாலும் பொத்தான் ஒழுங்காக வேலை செய்யும்; எண்ணெய் சிந்தினாலும் தானாக இயங்காது. எண்ணெய்க் கடைக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. தண்ணீர்தான் வில்லன். அதிலும் தனியாக நிற்கும் சொட்டு அவ்வளவு கெடுதல் செய்யாது. பரவி ஓடி, ஓரத்து இரும்புச் சட்டத்தோடு சேர்ந்துவிட்ட தண்ணீர்தான் விரல் மாதிரி நடிக்கிறது. உப்புத் தண்ணீர் இன்னும் மோசம், ஏனென்றால் அது நன்றாகக் கடத்தும். ஊறுகாய், தயிர், மீன், கசிகிற வெல்லம், புளி விற்கும் இடங்களில் இது சாதாரண விஷயம் இல்லை.

தானாக ஒரு டேர் விழுந்தால் என்ன நடக்கும்? தட்டில் 180 கிராம் முந்திரி போட்டிருக்கும்போது ஈரத் துணி பொத்தான் மேல் படுகிறது. எண் சைபருக்குப் போய்விடுகிறது. கூட்ட நேரத்தில் பையன் கவனிக்காமல் ஒரு கிலோ காட்டும் வரை அள்ளிப் போடுகிறான். வாடிக்கையாளர் கொண்டுபோவது 1 கிலோ 180 கிராம். கிலோ 900 ரூபாய் என்றால் 162 ரூபாய் நஷ்டம். இவ்வகைத் தவறில் பெரும்பாலும் இழப்பது கடைக்காரர்தான். அதைவிடக் கெடுதல் ஒன்று இருக்கிறது. எண் காரணமில்லாமல் குதிப்பதை எதிரில் நிற்கும் அம்மா பார்த்துவிட்டால், அப்புறம் நாம் எவ்வளவு சரியாக நிறுத்தாலும் அவருக்குச் சந்தேகம் தீராது.

நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கு வழி செய்திருப்பார்கள். பொத்தான்களைச் சுற்றி இன்னொரு செப்பு வளையம் ஓடும். தண்ணீர் பரவினால் அந்த வளையத்திலும் படும். உடனே எல்லாப் பொத்தான்களையும் சிப் பூட்டிவிடும். விரல் ஒரு இடத்தில் மட்டும் படும், தண்ணீர் ஊரெல்லாம் படும் என்ற வித்தியாசம்தான் இதற்கு அடிப்படை. மலிவு சரக்கில் இந்த வளையத்தை எதிர்பார்க்க முடியாது.

மின்சாரத்தின் தரமும் முக்கியம். மட்டமான சார்ஜர் போட்டிருக்கும்போது செல்போன் திரை தானாகக் குதிப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். அடாப்டர் வழியாக வருகிற இரைச்சல், விரல் தருகிற அந்தச் சின்ன வித்தியாசத்தை மூழ்கடித்துவிடுகிறது. தராசோடு வந்த அடாப்டர் போனால் அதே ரகத்தைத்தான் வாங்க வேண்டும். பஜார் கடைகள் பலவற்றில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், எர்த் கம்பி மட்டும் இருக்காது. அதைச் சரி செய்வது தராசுக்கு மட்டும் அல்ல, நம் உயிருக்கும் நல்லது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொடு பொத்தான் வைத்த மெல்லிய கண்ணாடித் தராசுகள் சில நூறு ரூபாய்க்கே வீட்டு வாசலுக்கு வந்து சேருகின்றன. அவை சமையலறைக்கு உரியவை. அவற்றில் மாடல் ஒப்புதல் எண்ணும் இருக்காது, முத்திரையும் விழாது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் 2011 ஏப்ரல் முதல் அமலில் உள்ள 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி அது குற்றம். பூக்கடை, மருந்துச் சரக்குக் கடைகளில் அந்தக் கண்ணாடித் தராசைக் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன். தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் "டச் கீ நன்றாக வேலை செய்கிறது" என்ற பதில் செல்லாது. கைத்தராசுக்கும் படிக்கற்களுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை என்றால், எலக்ட்ரானிக் தராசுக்கு ஒவ்வொரு வருஷமும் போட வேண்டும். பொத்தான் எந்த வகையாக இருந்தாலும் சரி.

பட்டுக் கடை, ஜவுளி, மருந்து, பேப்பர், பருப்பு தானியம் மட்டும் நிறுக்கும் உலர்ந்த மேஜை, இங்கெல்லாம் தொடு பொத்தான் தராசை மனமார வாங்கலாம். தாள் வெடிக்கும் தொல்லை இல்லை, தூசியைத் துடைத்தால் போதும். தயிர், மீன், ஊறுகாய், ஈர வெல்லம் உள்ள மேஜைக்கு நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அங்கே பழைய குத்து பொத்தானே மேல். தாள் வெடித்தால் மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கப் போகும்போது ஒரு ஈரத் துணியைக் கையோடு எடுத்துப் போங்கள். தட்டில் ஒரு கிலோ படிக்கல்லை வைத்துவிட்டு, பிழிந்தும் பிழியாமலும் உள்ள அந்தத் துணியால் முகப்பை ஒரு முறை துடையுங்கள். எண் அசையாமல் நின்றால் சரக்கு நல்லது. துணியை அப்படியே பொத்தான் மேல் ஒரு நிமிஷம் போட்டுவிட்டு எடுத்து, உலர்ந்த விரலால் டேர் தொட்டுப் பாருங்கள். உடனே கேட்கிறதா, தயங்குகிறதா என்று தெரியும். பிறகு கரண்டில் போட்டபடி ஒரு தடவையும், பிளக்கைப் பிடுங்கிப் பேட்டரியில் ஒரு தடவையும் இதையே செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம், பஜாரில் தராசுக் கடைக்குப் பஞ்சமில்லை.